ஏழாவது கேள்வி

மதலேனம்மாளின் இடுப்பில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன. தொப்புளுக்குக் கீழே ஒன்று, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கடுகைவிடச் சிறியவை. சிகிச்சை அறையின் சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய சிவப்பு ஒளிக்கோடுகள் வரும். அவர் மேசையில் படுத்ததும், மேசையை இம்மி இம்மியாக நகர்த்தி, மூன்று புள்ளிகளையும் அந்தக் கோடுகளில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டால், தோலுக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ளே கதிர் போய்ச் சேர வேண்டிய இடம், இயந்திரம் குறிவைத்திருக்கும் இடத்துக்குத் தானாக வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மூன்று புள்ளிகளைக் கொண்டு பிடிக்கிற வித்தை இது.

இப்படி விளக்கிச் சொல்வதில் அமல்தாஸுக்குத் தனி ருசி. அவன் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளன். உடம்பில் எங்கே எவ்வளவு கதிர் வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பார். அதை எந்தெந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் செலுத்துவது என்று கணக்குப் போடுவதும், இயந்திரம் சொன்னபடி கேட்கிறதா என்று தினமும் காலையில் சோதிப்பதும் அவன் வேலை. தர்மபுரிக்கு வெளியே, தொப்பூர் பக்கம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய அறக்கட்டளை மருத்துவமனை. ஒரே ஓர் இயந்திரம், நாளைக்கு ஐம்பத்தைந்து பேர். ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் கடைசியில் நிற்பவர்களுக்கு ஊர் பஸ் போய்விடும்.

அந்த வருடம் அவனும் புற்றுநோய் மருத்துவர் பாரதியும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்கள். அறுபது நோயாளிகள். ஆய்வுக்கு இரண்டு பாதி. முதல் பாதி துல்லியத்தைப் பற்றியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கதிர் செலுத்துவதற்கு முன், இயந்திரமே நோயாளியைச் சுற்றி வந்து ஒரு படம் எடுக்கும். திட்டம் போட்ட நாளில் எடுத்த பழைய படத்தின் இடுப்பெலும்பு மேல் புதிய படத்தின் எலும்பைக் கணினி பொருத்திப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று சொல்லும். இரண்டாம் பாதியில் பன்னிரண்டு கேள்விகள். உங்கள் டாக்டரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். டாக்டரை நம்புகிற நோயாளி அசையாமல் படுப்பார், சொன்னபடி நடப்பார், அதனால் விலகல் குறையும் என்பது இருவருடைய எதிர்பார்ப்பு.

மதலேனம்மாள் அதில் நாற்பத்திரண்டாவது ஆள். வயது ஐம்பத்தெட்டு. மொரப்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி போட்டிருந்தார். கர்ப்பப்பையில் வந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து கர்ப்பப்பையோடு எடுத்தாகிவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய மிச்சத்தை அழிக்க இருபத்தைந்து நாள் கதிர். ஊரில் அதைக் 'கரண்ட் வைக்கறது' என்பார்கள். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். துணைக்கு வந்தது மருமகள் கேத்தரின்.

முந்தின வாரம் தண்ணீர் குடிக்கவைத்துத் திட்டப்படம் எடுத்தாகியிருந்தது. சிகிச்சை விதிகளை விளக்குவதற்கு அவர்களை அமல்தாஸ் வரச் சொல்லியிருந்த நாள் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கும் நாள். மதலேனம்மாளின் நெற்றியில் சாம்பல் சிலுவை. காலைப் பூசையில் வாங்கியது அமல்தாஸின் நெற்றியிலும் பாதி அழிந்து இருந்தது. "நம்ம ஆளுங்களா சார் நீங்க?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

அவன் தயாராக வைத்திருந்த சாமான்களை எடுத்தான். ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு பலூன், மூன்று கெஜம் பருத்திக் கயிறு. ஜாடியின் அடியில் வெறும் பலூனை வைத்து, கயிற்றை மேலே சுருட்டிப் போட்டான். கயிறு அடிவரை இறங்கியது.

"இதுதாங்க குடலு. இந்தப் பலூனு ஒண்ணுக்கு சேர்ற பை. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கல்ல, அங்க எடம் காலியா இருக்குது. பையும் காலியா இருந்துச்சுன்னா குடலு கீழ எறங்கி வந்து, கரண்ட் படற எடத்துலயே உக்காந்துக்கும். புண்ணாயிரும். இப்பப் பாருங்க." பலூனுக்குள் தண்ணீர் ஊற்றினான். அது ஜாடியின் அடியை நிறைத்துக்கொண்டு உப்ப, கயிறு மொத்தமும் மேலே எழும்பியது. "பாத்தீங்களா? நெறஞ்ச பை குடலத் தாங்கிப் புடிச்சுக்குது. அதனால தெனமும் ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, அரை லிட்டரு தண்ணி குடிச்சிட்டு, முக்கா மணி நேரம் அடக்கிக்கிட்டு உக்காரணுங்க. அப்பத்தான் படுக்கணும். புரிஞ்சுதுங்களா?"

கேத்தரின் கயிற்றையே பார்த்தாள். மதலேனம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கவனமாகக் கேட்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க சார். வாத்தியாரு கணக்கா சொல்றீங்க" என்றார், தலை நிமிராமல்.

அந்த வாத்தியார் பட்டம் அவனுக்கு அன்று முழுக்க இனித்தது.

அடுத்த திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது. அவர்களுக்குப் பதினொன்றரை மணி முறை. மொரப்பூரிலிருந்து எட்டரை பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். இயந்திரத்தை இயக்குபவள் யுவராணி. ஒவ்வொருவரையும் உள்ளே அழைக்கும்போது அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி ஆச்சா?" மதலேனம்மாள் பதில் பேசாமல் அரை லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழாது. அதே நேரத்தில் கேத்தரின் கழிப்பறைப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா, கரண்ட் உங்களுக்கா மருமகளுக்கா? அவங்கதான் தெனம் ஓடறாங்க" என்று யுவராணி கேலி செய்வாள்.

"அவளுக்கு சுகர் வரப்போவுது கண்ணு" என்பார் மதலேனம்மாள்.

மேசையில் படுத்துவிட்டால் கோவில் சுரூபம்தான். மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. திங்கட்கிழமைப் படங்களில் எலும்பு எலும்பின் மேல் அச்சாகப் பொருந்தியது. கணினியில் பச்சை டிக் விழும், யுவராணி பொத்தானை அழுத்துவாள், அடுத்த ஆள். சராசரி விலகல் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். அறுபது பேரில் அதுதான் ஆகக் குறைவு என்று பின்னால் தெரிந்தது.

சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். குழாயடிக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பி, நின்றபடியே கடகடவென்று முழுவதையும் குடிப்பார். மறுபடி நிரப்பி மறுபடி குடிப்பார். தன் அறை ஜன்னலிலிருந்து அமல்தாஸ் பலமுறை அதைப் பார்த்திருக்கிறான். மாசி மாத வெயில் என்று நினைத்தான். அரை லிட்டர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்கியவர், முதலில் ஓட வேண்டியது குழாயடிக்கா கழிப்பறைக்கா என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், கேள்வித்தாள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அவனே வாசித்துக் காட்டிக் குறித்துக்கொள்வான். அன்றைக்கு டாக்டர் பாரதியின் அறைக்கு எதிரிலேயே இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே டாக்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இது எதுக்குங்க சார்? டாக்டரம்மாவுக்குப் பரீட்சையா?"

"பரீட்சை இல்லீங்க. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

"மார்க்கு எத்தனைங்க?"

"ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரைக்கும்."

"அவ்வளவுதானா? பத்து இல்லியா?" என்றார். "சரி, எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுருங்க. கொறைக்கறதுக்கு நான் யாரு? அந்தம்மா கையப் புடிச்சு 'சாப்டீங்களா'ன்னு கேக்கறாங்க. எங்க வூட்ல யாரு கேக்கறாங்க?"

"தெனமும் சோறு போடறவ நானு. டிபன் பாக்ஸ் தூக்கறவ நானு. அஞ்சு மார்க்கு டாக்டரம்மாவுக்கு" என்றாள் கேத்தரின்.

அமல்தாஸ் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்தான். ஐந்து, ஐந்து, ஐந்து. ஏழாவது கேள்வி: 'டாக்டர் சொன்னதைச் செய்ய முடியாதபோது, அதை அவரிடம் சொல்லத் தயங்குவீர்களா?' இப்படிப்பட்ட தாள்களில் ஒன்றிரண்டு கேள்விகளை வேண்டுமென்றே திருப்பிப் போட்டிருப்பார்கள். இங்கே ஐந்து என்றால் மிகவும் தயங்குவேன் என்று பொருள். கேட்காமலே ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டு போகிறவரை இது காட்டிக்கொடுத்துவிடும்.

"அதுக்கும் அஞ்சுதான்" என்றார் மதலேனம்மாள்.

"அம்மா, இதுல அஞ்சுன்னா பயந்துக்கிட்டு சொல்லாம மறைச்சிருவேன்னு ஆயிருங்க."

அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே பாரதி நிமிர்ந்து, அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். மதலேனம்மாள் வாயைத் திறந்து மூடினார்.

"நீங்க சொல்லிருவீங்கதானே?" என்று அமல்தாஸ் உதவிக்கு வந்தான். "அப்ப ஒண்ணுன்னு போடணும்."

"நீங்களே பாத்துப் போடுங்க சார்."

அவன் ஒன்று என்று எழுதினான். தவறாகப் புரிந்துகொண்டவருக்கு விளக்கிச் சரிசெய்துவிட்ட நிம்மதியோடு எட்டாவது கேள்விக்குப் போனான்.

அந்த வாரமே அவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. இந்தச் சிகிச்சையில் பாதிப் பேருக்கு வருவதுதான், டாக்டர் மாத்திரை கொடுத்தார். இருபத்தைந்து நாளும் முடிந்தது. ஈஸ்டருக்குப் பிறகு வந்தபோதும் போக்கு நிற்கவில்லை. ஜூன் மாதம் ரத்தம் கலந்து போனது. ஜூலையில் எட்டு கிலோ இறங்கியிருந்தார்.

ஆகஸ்டில் கட்டுரை எழுத உட்கார்ந்தார்கள். "படம் எல்லாம் கையில இருக்கே அமல். எலும்போட சேத்துப் பையோட அளவையும் வரைஞ்சு பாத்துடலாமே" என்றார் பாரதி. படத்தில் சிறுநீர்ப்பை மங்கலான சாம்பல் வட்டமாகத் தெரியும். படத்தின் ஒவ்வொரு குறுக்குவெட்டுத் துண்டிலும் அதன் விளிம்பைச் சுட்டியால் வரைந்துகொண்டே போனால், கணினி எல்லாவற்றையும் அடுக்கி, உள்ளே எத்தனை மில்லி என்று சொல்லிவிடும். பொறுமையான வேலை, அமல்தாஸுக்குப் பிடித்த வேலை. நாற்பத்திரண்டாவது ஆளுக்கு வந்தான். திட்டப்படத்தில் முந்நூற்றுப் பத்து மில்லி. முதல் திங்கள் அறுபது. இரண்டாவது நாற்பத்தைந்து. ஐம்பது. நாற்பது. ஐம்பத்தைந்து.

யாருடைய படமோ மாறிவிட்டது என்று நோயாளி எண்ணைச் சரிபார்த்தான். மாறவில்லை. ஐந்து படங்களிலும், கர்ப்பப்பை இருந்த பள்ளத்தில் குடல் வளைவு வளைவாக வந்து இறங்கியிருந்தது. ஜாடியில் அவன் போட்டுக் காட்டிய கயிறு மாதிரியே.

யுவராணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முகம் வெளுத்தது.

"நீங்கதானே சார் எலும்பப் பாருன்னீங்க? விதிமுறையில எழுதியே ஒட்டியிருக்கீங்க. எலும்பு பொருந்தி பச்ச டிக் வந்தா அடுத்த ஆளக் கூப்புடுன்னு."

எழுதியிருந்தது உண்மை. அவன் கையெழுத்துதான். எலும்பு நகராது, அதனால் அளப்பது சுலபம். அளக்கச் சுலபமானதை அளந்து, அதற்குத் துல்லியம் என்று பெயர் வைத்திருந்தான்.

பாரதி படங்களை வெகுநேரம் பார்த்தார். "மூணாவது வாரமே வயித்தால போவுதுன்னு வந்தாங்க. நான் இதத் தொறந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு சொன்னார்: "அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். நான் சொல்றேன். முதல்ல அவங்க எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறாங்கன்னு கேக்கணும். செப்டம்பர்ல வருவாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்க."

பொறுத்துக்கொள்வதுதான் அமல்தாஸால் முடியாத காரியம். ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று தெரிந்துவிட்டால் அது அவன் தொண்டையில் நிற்கும்.

செப்டம்பரில் அவர்கள் வந்த நாளன்று டாக்டர் வார்டில் மாட்டிக்கொண்டார். பெஞ்சில் மதலேனம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலை உடம்பில் நிற்காமல் தொங்கியது. அமல்தாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கேட்க மட்டும் செய்யலாம் என்றுதான் போனான்.

"அம்மா, கரண்ட் வெச்ச நாள்ல தண்ணி குடிச்சீங்களா?"

மதலேனம்மாளும் கேத்தரினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாமியார் சிரித்தார்.

"இப்ப சொன்னா என்ன? வேண்டுதலு முடிஞ்சுபோச்சு. முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தவக்காலம் பூராவும் ஒருசந்தி சார். கரண்ட் முடிஞ்சு எந்திரிக்கற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படல."

"பாட்டில் காலியா இருந்துச்சே?"

"குடிச்சது நானு" என்றாள் கேத்தரின். "பாட்டில கவுத்துக் காட்டுனா பொய் ஆவாதாம். வாயத் தொறந்து குடிச்சேன்னு சொன்னாத்தான் பொய்யாம். தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாதுல்ல."

தவக்காலம் முழுவதும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிற பெண்களுக்கு நடுவில்தான் அமல்தாஸ் வளர்ந்தான். நெற்றியில் சாம்பலோடு எதிரே உட்கார்ந்தவரிடம், அரை லிட்டர் தண்ணீர் உங்களால் முடியுமா என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை.

"நான் பலூன் வெச்சுக் காட்டுனேனேம்மா. ஏன் குடிக்கணும்னு சொன்னேனே."

"நீங்க ஒண்ணுக்கு, பையின்னு மருமவள வெச்சுக்கிட்டு சொல்லச் சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு சாமி. நான் தரையத்தான் பாத்துட்டிருந்தேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேண்டுதலு எனக்காக இல்ல சார். டாக்டரம்மாவுக்காக. உங்க எல்லாருக்காகவும். கண்ணுக்குத் தெரியாத எடத்துல குறி வெக்கிறீங்க. அது ஒரு இம்மி தப்பக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். தப்பலதானே?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டருங்க. அறுபது பேர்ல நீங்கதான் ரொம்ப சரியா இருந்தீங்க."

அவர் முகம் மலர்ந்தது. மருமகளைத் திரும்பிப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். டாக்டர் வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். அமல்தாஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எலும்பை வரைந்தான், பையை வரைந்தான், குடலை வரைந்தான். குறி தப்பவில்லை, ஆனால் குறிக்குள் குடல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று சொன்னான். பை நிறைந்திருந்தவர்களிலும் சிலருக்கு இந்தப் புண் வருவதுண்டு, இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இதனால் கூடியிருக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். நாங்கள் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, தப்பு எங்கள் மேல் என்றும் சொன்னான். எல்லாம் சரியாக, எளிமையாக, வரிசையாக வந்தது.

மதலேனம்மாள் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தார்.

"அஞ்சு வாரமுமா?"

"ஆமாங்க."

"நான் தண்ணி குடிக்காததால."

"நாங்க பாக்காததாலங்க."

"குடிச்சிருந்தா பாக்க வேண்டியதே வந்திருக்காதே." அவர் குரல் இறங்கியது. "சீக்காளிங்களுக்கு ஒருசந்தி இல்லன்னு பாதரே சொல்லுவாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இருந்தேன்."

எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார். வந்ததிலிருந்து அது மூன்றாவது முறை.

கேத்தரின் அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"அது எத்தனை மாசமா அழுவாம இருந்துச்சுன்னு தெரியுமா சார்? குறி தப்பல, நான் வேண்டிக்கிட்டேன், தப்பல. அதச் சொல்லிச் சொல்லித்தான் வலியத் தாங்குச்சு. அதப் புடுங்கிட்டீங்க."

"தெரியணும்ல கேத்தரின். அவங்க ஒடம்பு."

"தெரியணுந்தான். நான் மறைக்கச் சொல்லல. உனக்குத் தெரியணுமா, இப்பவே தெரியணுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. நீங்க பாட்டுக்கு சொல்லிக்கிட்டே போறீங்க." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அந்தத் தண்ணிய தெனமும் நான்தான் குடிச்சேன். அதனால என்ன ஆச்சுன்னு இப்ப நானும் தெரிஞ்சுக்கிட்டேன்."

அமல்தாஸ் மருந்துச் சீட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

மதலேனம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, டாக்டர் பாரதியும் வார்டிலிருந்து வேகமாக நடந்து வந்தார். வழக்கம்போல அவர் கையைப் பிடித்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா? வயிறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேங்க டாக்டரம்மா. ரொம்பக் கொறஞ்சிருச்சு."

"ரத்தம்?"

"அதெல்லாம் நின்னுபோச்சுங்க."

அமல்தாஸின் உதடு பிரிந்தது. இல்லை டாக்டர் என்று சொல்ல வார்த்தை வந்துவிட்டது. இன்னொரு முறை அவருக்குப் பதிலாகத் தான் பேசப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் தயங்கிய அந்த இடைவெளியில் கேத்தரின் முந்திக்கொண்டாள்.

"நிக்கலீங்க. இன்னிக்கு விடிஞ்சதுல இருந்து ஒம்பது தடவ. ரெண்டு தடவ ரத்தம். அத்தே, போதும். இனிமே நான் உனக்காக எதையும் குடிக்க மாட்டேன், எதையும் முழுங்க மாட்டேன்."

மதலேனம்மாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கோபமா அவமானமா என்று தெரியாத பார்வை. பிறகு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாரதி மருந்துச் சீட்டின் பின்பக்கம் இருந்த படத்தைப் பார்த்தார். அமல்தாஸை ஒரு கணம் பார்த்தார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை விடாமல், "உங்களுக்கு எப்ப சொல்ல முடியுதோ அப்ப சொல்லுங்கம்மா. நான் எங்கயும் போகல" என்றார்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. யுவராணி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மதலேனம்மாள் பேச ஆரம்பித்தபோது குரல் கேத்தரினுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை என்று மதலேனம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னார். அமல்தாஸ் பேனாவைக் கையில் வைத்தபடி எதிரே நின்றுகொண்டிருந்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.